குளச்சலில் நங்கூரம் போட்டுத் தூங்க: குமரிக் கடலுக்குப் படகில் வரும் தம்பதிகளுக்கு

கொச்சியிலிருந்து பாய்மரப் படகை ஓட்டிக்கொண்டு தெற்கே வர நினைப்பவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது காற்றைப் பற்றித்தான். எத்தனை நாட் (மணிக்கு எத்தனை கடல்மைல்) அடிக்கும், எந்த மாதம் தோது, கன்னியாகுமரி முனையைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும். எல்லாம் சொல்கிறேன். ஆனால் குமரிக் கரையில் நானும் வீட்டுக்காரரும் திணறியது ஓடும்போது அல்ல, நிற்கும்போது. பகலில் ஐந்து மணி நேரம் ஓடினால் சேர்ந்துவிடலாம். ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அதனால் நங்கூரத்துக்குத்தான் இதில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

நான் நாகர்கோவில்காரி, அவருக்குத் திண்டுக்கல். படகு 27 அடி, பழையது, 10 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் வைத்தது. 45 அடிப் படகும் சம்பளத்துக்கு ஆளும் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

முதலில் மாதம்

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை. புதிதாக வருகிறவர்களுக்கு வேறு மாதமே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். மேற்குக் கரை முழுக்க அலை நேராக வந்து மோதும். குளச்சல் கடற்கரையில் ஒரு வெற்றித்தூண் நிற்கிறது. 1741 ஆகஸ்டில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக்காரர்கள் இங்கேதான் தோற்றார்கள். ஆகஸ்டில் அந்தக் கடலைக் கரையில் நின்று ஒருமுறை பார்த்தாலே, அந்த மாதத்தில் இங்கே எதற்கு வந்தார்கள் என்றுதான் கேட்கத் தோன்றும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் பயம். 2017 நவம்பர் 29 ராத்திரி தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாள் காலையில் ஒக்கிப் புயலாகிவிட்டது. கடலில் இருந்தவர்களுக்குத் திரும்பி வர நேரமே கிடைக்கவில்லை. இந்தக் கரையில் அதில் ஆளை இழக்காத கடலோர ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் காற்று இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். புதியவர்கள் ஏமாறுவது அப்போதுதான். இங்கே கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. தெற்கே வெகுதூரத்தில் அடித்த புயலின் அலை சில நாள் பயணம் செய்து, எந்த அறிகுறியும் இல்லாமல் வந்து கரையில் ஏறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் பக்கம் கடற்கரையில் நின்ற மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அது கொண்டுபோனது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையோடு அதையும் தினமும் பாருங்கள். அலைபேசியில் காற்றை வண்ணம் வண்ணமாகக் காட்டும் செயலிகள் நல்லவைதான். ஆனால் அதில் காற்றை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அலையின் உயரத்தையும், ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை நொடி என்பதையும் பாருங்கள். உயரம் குறைவாக இருந்தாலும் இடைவெளி 15 நொடிக்கு மேல் காட்டினால் நாங்கள் நங்கூரம் போடுவதில்லை, கிளம்புவதும் இல்லை.

சொல்லிவிட்டு வாருங்கள்

நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை சுமார் 70 கிலோமீட்டர் கரை. இதில் உல்லாசப் படகுத்துறை என்று ஒன்றும் இல்லை. தேங்காய்ப்பட்டணம், குளச்சல், முட்டம், சின்னமுட்டம் என்று நான்கு மீன்பிடித் துறைமுகங்கள் உண்டு. நான்கும் மீனவர்களுக்காகக் கட்டியவை, நாம் விருந்தாளிகள்.

குளச்சலிலும் கன்னியாகுமரியிலும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் காவல் நிலையங்கள் இருக்கின்றன. வருவதற்கு முன்பே போய் அல்லது போன் செய்து, படகின் பெயர், நிறம், எத்தனை பேர், எத்தனை நாள் என்று சொல்லிவிடுங்கள். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, முகம் தெரியாத படகு கரையோரம் நின்றால் கேள்வி வரத்தான் செய்யும். பதிவுச் சான்று, காப்பீடு, இரண்டு பேர் ஆதார் அட்டை, எல்லாவற்றின் நகலும் தண்ணீர் புகாத பையில் இருக்கட்டும். துறைமுகத்துக்குள் கட்ட வேண்டுமென்றால் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து யாராவது ஆசையாகச் செயற்கைக்கோள் போன் கொடுத்திருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம்.

படகில் வி.எச்.எஃப். வானொலிப் பேச்சுக் கருவி கட்டாயம், 16ஆம் அலைவரிசை எப்போதும் திறந்திருக்கட்டும். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரக் காவல்துறைக்கு 1093. இரண்டு எண்களையும் சமையல் மேடைக்கு மேலே மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். போனில் பதிந்து வைத்தால், அந்தப் போன்தான் முதலில் தண்ணீரில் விழும்.

குடத்தைத் தூக்கிப் போடுங்கள்

கிளம்புவதற்கு முன்னால் கொச்சிக் காயலிலேயே ஒரு பயிற்சி. பிளாஸ்டிக் குடத்தில் பாதி தண்ணீர் நிரப்பி, மூடியைக் கட்டி, படகு ஓடும்போது தண்ணீரில் போடுங்கள். போட்டவர் போய் உட்கார்ந்துவிட வேண்டும். மற்றவர் தனியாகப் படகைத் திருப்பி, பாயைத் தளர்த்தி, குடத்தின் பக்கத்தில் நிறுத்தி, அதை மேலே எடுக்க வேண்டும். அப்புறம் ஆளை மாற்றிச் செய்யுங்கள்.

இரண்டே பேர் இருக்கும் படகில் ஒருவர் விழுந்தால் மீதி இருப்பவர் ஒருவர்தான். எங்கள் வீட்டில் பாய், சுக்கான் எல்லாம் என் கையில்தான் இருந்தது. அவர் சமையலும் வரைபடமும் பார்ப்பார். நான் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது சிரித்தார். முதல் நாள் குடத்தை எடுக்க அவருக்கு 25 நிமிடம் ஆனது, அதுவும் காயலில். பதினாறாவது தடவை ஐந்து நிமிடத்தில் எடுத்தார். அன்றைக்குத்தான் தெற்கே போகத் தேதி குறித்தோம்.

விழிஞ்ஞத்திலிருந்து குளச்சல்

விழிஞ்ஞம் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே இருக்கிறது. முதல் ஓட்டத்துக்கு அங்கிருந்து குளச்சல் வரை போதும். சுமார் 20 கடல்மைல், அதாவது 37 கிலோமீட்டர். 4 நாட் வேகத்தில் போனாலும் ஐந்து மணி நேரம்.

பிப்ரவரி மாதத்து நாள் இப்படித்தான் போகும். விடிகாலையில் மலைப் பக்கமிருந்து கரைக்காற்று மெதுவாக வரும். ஒன்பது, பத்து மணிக்கு அது செத்துவிடும். கொஞ்ச நேரம் பாய் தொங்கும், எஞ்சின் போட வேண்டும். மதியத்தை ஒட்டி வடமேற்கிலிருந்து கடல்காற்று எழும். தெற்கே போகிறவர்களுக்கு அது முதுகுக்குப் பின்னால் இருந்து தள்ளும். எனவே வெளிச்சம் வந்ததும் கிளம்பினால் மதியம் ஒன்று, இரண்டு மணிக்குக் குளச்சல் வந்துவிடலாம். இருட்டில் கிளம்பாதீர்கள், இருட்டில் போய்ச் சேரவும் சேராதீர்கள். விழிஞ்ஞத்தில் 2025 மே மாதம் முறைப்படி திறந்த துறைமுகத்துக்குப் பெரிய சரக்குக் கப்பல்கள் வருகின்றன. அவற்றின் பாதையைக் குறுக்கே வெட்டாமல் கரைப்பக்கமாகவே இறங்கிவிடுங்கள். அதைத் தாண்டியபின் கரையிலிருந்து 3 கடல்மைல் தள்ளி ஓடினால் போதும்.

வழியில் தேங்காய்ப்பட்டணம் துறைமுகம் அழகாகக் கூப்பிடும். போகாதீர்கள். ஆற்று முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அலை உடையும் இடம் அது. தினமும் அதில் போய்வருகிற மீனவர்களின் படகுகளே அங்கே கவிழ்ந்து உயிர் போயிருக்கிறது. கூடவே உள்ளூர்க்காரர் ஒருவர் வழிகாட்டினால் ஒழிய, அந்த வாய் நமக்கு இல்லை.

வலைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வலையின் முனையில் கம்பு நட்டுக் கொடி கட்டியிருப்பார்கள். ராத்திரி என்றால் மினுக்கும் சிறு விளக்கு. ஒரு கொடியைப் பார்த்தால் அதன் ஜோடி எங்கே என்று தேடுங்கள், இரண்டுக்கும் நடுவில்தான் வலை. ஜோடி தெரியவில்லையா, அருகில் இருக்கும் பைபர் படகைப் பார்த்துக் கையை இடமும் வலமும் காட்டுங்கள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவர்களே காட்டுவார்கள். குறும்பனைக்கு நேரே நாங்கள் ஒருமுறை வலையின் மேலேயே போய், புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டது. வலைக்காரர் வந்து திட்டவில்லை, அதுதான் எங்களுக்குக் கூச்சமாகப் போனது. கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்தவர், நறுக்க வேண்டிய இடத்தை மட்டும் நறுக்கிவிட்டு மேலே வந்து, “மீன் புடிக்காம, சரக்கும் ஏத்தாம, ரெண்டு பேரும் எதுக்குக் கடல்ல கெடக்கிய?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. வலைக்கு ஆன காசைக் கையில் வைத்தோம். நீங்களும் அதற்கென்று கொஞ்சம் பணம் தனியாக எடுத்து வையுங்கள், பேரம் பேசாதீர்கள்.

நங்கூரம்

குளச்சலில் அலைதடுப்புச் சுவருக்கு வெளியே, படகுகள் போய்வரும் வழியை விட்டு விலகி, 6 மீட்டர் ஆழத்தில் மணல் தரையைத் தேடுங்கள். இந்தக் கரையில் பாறை அங்கங்கே கிடக்கும். மதிய வெயிலில் பார்த்தால் மணல் இருக்கும் இடம் வெளுப்பாகவும் பாறை இருக்கும் இடம் கறுப்பாகவும் தெரியும். மதியம் போய்ச் சேரச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

எவ்வளவு சங்கிலி விட வேண்டும்? ஆழம் 6 மீட்டர். தண்ணீரிலிருந்து அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், உயரம் 1 மீட்டர். ஏற்றத்துக்கு ஒரு மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்; இங்கே கடலின் ஏற்ற இறக்கம் அதற்குள் அடங்கிவிடும். மொத்தம் 8. முழுக்கச் சங்கிலி என்றால் ஐந்து மடங்கு, 40 மீட்டர். பாதிக்கு மேல் கயிறு என்றால் ஏழு மடங்கு, 56 மீட்டர். 10 மீட்டருக்கு ஒரு சிவப்புத் துணி கட்டி வையுங்கள், எண்ணுவதற்குச் சுலபம்.

முறை இதுதான். காற்றுக்கு எதிராக மெதுவாக வந்து, படகு அசையாமல் நின்றதும் நங்கூரத்தை இறக்குங்கள். எறியக் கூடாது. தரை தொட்டதும் படகு தானாகப் பின்னால் போகும். அது போகப் போகச் சங்கிலியை விடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் நங்கூரத்தின் மேலேயே குவிந்து சிக்கிக்கொள்ளும். முழுவதும் விட்டபின் எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டு, பாதி வேகம் வரை மெதுவாக ஏற்றி, ஒரு நிமிடம் இழுங்கள். சங்கிலியின் மேல் கை வைத்துப் பாருங்கள். தடதடவென்று அதிர்ந்தால் நங்கூரம் தரையில் இழுபடுகிறது. விறைப்பாக, சத்தமில்லாமல் இருந்தால் பிடித்துவிட்டது.

ஒருவர் அணியத்தில், ஒருவர் சுக்கானில் என்று இருக்கும்போது எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது. முதல் ஆண்டு எங்கள் சண்டைகளில் முக்கால்வாசி அந்தப் பதினைந்து நிமிடத்தில் நடந்தவை. இப்போது வாயே திறப்பதில்லை. கையை முன்னால் நீட்டினால் முன்னே, பின்னால் காட்டினால் பின்னே, முஷ்டி என்றால் நில், தலைக்கு மேல் இரண்டு கையும் என்றால் முடிந்தது.

பிடித்த பிறகு கணியம் பாருங்கள். இந்தக் கரை மீனவர்கள் கடலுக்குள் இருக்கும் பாரை, அதாவது மீன் கூடும் பாறைத் திட்டை, கண்டுபிடிக்கும் முறை அது. கரையில் ஒரு கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு மலை முகடும் ஒரே கோட்டில் வரும் இடத்தை மனத்தில் வைத்துக்கொள்வார்கள். வேறு திசையில் இதேபோல இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில்தான் பார். நமக்கும் அதே வேலைதான்: காணிக்கை மாதா கோயில் கோபுரத்தை ஒரு தென்னையோடு சேர்த்து ஒரு கோடு, துறைமுகச் சுவரின் முனையை ஒரு கட்டடத்தோடு சேர்த்து இன்னொன்று. பத்து நிமிடம் கழித்துப் பார்க்கும்போது கோபுரம் தென்னையை விட்டு நகர்ந்திருந்தால் நகர்ந்தது நாம். ராத்திரிக்கு விளக்குகளை வைத்துத் தனியாக ஒரு கணியம் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் நங்கூர அலாரம் வைக்கலாம், நாங்களும் வைக்கிறோம்.

இனி, எங்களுக்கு யாரும் சொல்லித் தராத விஷயம். மதியம் வடமேற்குக் காற்றில் நங்கூரத்தைப் பாய்ச்சினீர்கள், நன்றாகப் பிடித்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் கரைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். படகு கால் வட்டம் சுற்றி வேறு பக்கம் இழுக்கும், மதியம் புதைந்த நங்கூரம் புரண்டு வெளியே வரும். எங்கள் முதல் குளச்சல் இரவில் இதுதான் நடந்தது. இரண்டு மணி இருக்கும், கண்ணில் டார்ச் வெளிச்சம். பக்கத்தில் ஒரு பைபர் படகு. “எக்கா! எந்திரிங்க! ஒங்க போட்டு போகுது!” எழுந்து பார்த்தால் கோயில் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, கட்டிக் கிடந்த விசைப்படகுகளை நோக்கி நாங்கள் பின்பக்கமாகவே மிதந்துகொண்டிருந்தோம். அலாரம் அடித்திருந்தது, போன் தலையணைக்கு அடியில் இருந்தது.

அதிலிருந்து எங்கள் வழக்கம்: சாப்பிட்டதும் படுக்க மாட்டோம். கரைக்காற்று எழுந்து படகு திரும்பும் வரை விழித்திருப்போம். திரும்பியதும் மறுபடி எஞ்சின் போட்டு, புதுத் திசையில் ஒரு நிமிடம் இழுத்துப் பார்ப்போம். அதற்குப் பிறகுதான் தூக்கம். இடம் தேடும்போதும் படகு முழு வட்டம் சுற்றினால் எதன் மேலாவது இடிக்குமா என்று பார்த்துத்தான் போட வேண்டும்.

விளக்கு: பாய்மர உச்சியில் வெள்ளை விளக்கு சட்டப்படி போதும். ஆனால் விடிகாலை மூன்று மணிக்குத் தொழிலுக்குப் போகிற பைபர் படகுக்காரர் தண்ணீர் மட்டத்தை ஒட்டி முன்னே பார்த்துக்கொண்டு போவார், வானத்தை அல்ல. உச்சி விளக்கு அவருக்கு ஒரு நட்சத்திரம். தளத்திலிருந்து ஆள் உயரத்தில் இன்னொரு விளக்கைத் தொங்கவிடுங்கள்.

தொட்டில் ஆட்டம்

காற்று ஓய்ந்த நேரத்தில் படகு நீவாட்டுக்கு (கடல் நீரோட்டத்துக்கு) ஏற்பத் திரும்பி, அலைக்கு விலாவைக் காட்டும். அப்போது இடமும் வலமுமாக ஆடும் ஆட்டத்தில் பாத்திரம் உருளும், வயிறு புரளும். இதற்கு மருந்து கடையாலில், அதாவது படகின் பின்முனையில், ஒரு சின்ன நங்கூரம். முன் நங்கூரச் சங்கிலியைத் தேவையைவிடக் கூடுதலாக விட்டுப் பின்னால் போய், அங்கே கடையால் நங்கூரத்தை இறக்கி, பிறகு முன் சங்கிலியைக் கொஞ்சம் இழுத்து நடுவில் வந்து நில்லுங்கள். அணியம் அலையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் வேறு படகு சுற்றிக்கொண்டு நின்றால் இதைச் செய்யக் கூடாது. நாம் அசையாமல் நிற்போம், அவர்கள் வந்து மோதுவார்கள்.

வீட்டுக்காரருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. மாத்திரையைவிட, வயிற்றைக் காலியாக விடாததுதான் உதவியது: பழங்கஞ்சி, சுக்குத் துண்டு, மட்டிப்பழம்.

கரைக்குப் போக

கடற்கரையில் ரப்பர் படகை ஏற்ற முயற்சி செய்யாதீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் அலை சின்னதாகத் தெரியும், உடையும் இடத்தில்தான் அதன் உயரம் புரியும். துறைமுகப் படிக்குப் போங்கள், காலை ஏல நேரத்தில் மட்டும் வேண்டாம். அப்போது கூடை வைக்கவே இடம் இருக்காது. இன்னும் எளிது, போகிற பைபர் படகைக் கூப்பிட்டு ஏறிக்கொள்வது. டீசல் காசு கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள், கோயிலுக்குப் போவார்கள். அன்றைக்கு ஆள் தேடினால் கிடைக்காது.

முதல் நாளே ஊர்க் கமிட்டியிலோ பங்குத்தந்தையிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடுவது காவல் நிலையத்தில் சொல்வதைவிட அதிகம் உதவும். ராத்திரி எங்களை எழுப்பிய ஆள் சும்மா வந்தவர் அல்ல. மாலையில் கரையில் எங்களோடு டீ குடித்தவர்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர், மேற்கொண்டு ஒரு 20 லிட்டர் கேன். மரச்சீனிக்கிழங்கு, மீன், தேங்காய் எல்லாம் குளச்சல் சந்தையில் கிடைக்கும். மாசிக் கொடை நாட்களில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கூட்டத்தால் சாலை நகராது, சாமானை முந்தின நாளே வாங்கிவிடுங்கள்.

முனையைத் தாண்ட வேண்டுமா?

முதல் தடவை வேண்டாம் என்பது என் கருத்து. குளச்சலிலிருந்து முட்டம் 5 கடல்மைல், கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். கடியப்பட்டினம், முட்டம் பக்கம் கரையை விட்டு வெளியேயும் பாறைகள் உண்டு. டேராடூன் கடற்படை நீர்வரைவியல் அலுவலகத்தின் வரைபடத்தைப் பார்க்காமல் அங்கே குறுக்குவழி போகாதீர்கள்.

தாண்டியே தீருவேன் என்றால், முட்டத்திலிருந்து முனைக்குச் சுமார் 14 கடல்மைல். ஜனவரி, பிப்ரவரியில் முனையைத் திரும்பியதும் மன்னார் வளைகுடாவிலிருந்து வாடைக்காற்று முகத்தில் அறையும். அதுவரை பின்னாலிருந்து தள்ளிய கடல் அங்கே எதிரே வரும், அலை நாலா பக்கமும் குழம்பும். காற்று 12 நாட் வேகத்துக்குக் கீழே என்று இரண்டு நாள் தொடர்ந்து காட்டினால் மட்டும் விடியலில் கிளம்புங்கள். விவேகானந்தர் பாறையிலிருந்து 2 கடல்மைல் தெற்கே விலகியே சுற்றுங்கள். சுற்றிலும் பாறை, சுற்றுலாப் படகுப் போக்குவரத்து, பாதுகாப்புக் கெடுபிடி. 133 அடி வள்ளுவர் அங்கிருந்து விரல்நகம் அளவுதான் தெரிவார், அது போதும். முனை தாண்டி வடகிழக்கே சின்னமுட்டம். முன்கூட்டியே பேசி வைத்துச் சுவருக்குள் போய்விடுங்கள். அந்த மாதங்களில் வெளியே நங்கூரம் போட அந்தப் பக்கம் இடம் இல்லை.

கிளம்பும் நாள்

காலையில் கரைக்காற்று இருக்கும்போதே நங்கூரத்தை எடுங்கள். கையால் மல்லுக்கட்டாமல், எஞ்சினை மெதுவாக முன்னே விட்டுச் சங்கிலி தளரத் தளர இழுங்கள். நேர் கீழே வந்ததும் கட்டி வைத்துவிட்டு, இரண்டு அலைக்குக் காத்திருந்தால் அலையே பிடுங்கிக் கொடுக்கும். சொல்லிவிட்டு வந்த காவல் நிலையத்துக்குக் கிளம்புவதையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

மணவாளக்குறிச்சிக் கருமணல் இந்தக் கரையெங்கும் உண்டு. நங்கூரத்தோடும் சங்கிலியோடும் ஒரு கை அளவாவது ஏறி வரும். அதை அப்படியே உள்ளே தள்ளினால் தளத்து வண்ணத்தைச் சுரண்டிவிடும். ஒரு வாளி கடல்நீர் மொண்டு ஊற்றிக் கழுவிவிட்டு, பிறகு பாயை ஏற்றுங்கள்.